மணிக்கூண்டு குழு: புனித வார மணி முறை

இயேசுவுக்கே புகழ்! எல்லோருக்கும் வணக்கம்.

புனித வாரத்துக்கு யார் யார் மணி அடிப்பது என்று முறை போட வேண்டும். மார்ச் 29, குருத்து ஞாயிறு, இரண்டாம் பூசை முடிந்து 9.30-க்கு மணிக்கூண்டு அடியில் கூடுவோம். அரை மணி நேரம் போதும்.

1. பெரிய வியாழன் (ஏப்ரல் 2) மாலைப் பூசையில் வானவர் கீதம் (‘உன்னதங்களிலே’ பாட்டு) தொடங்கியதும் இரண்டு மணிகளும் அடிக்க வேண்டும். கீதம் முடிந்ததும் நிறுத்திவிடுங்கள். நான்கு பேர் தேவை.

2. அதன் பிறகு பாஸ்கா இரவு (உயிர்ப்பு ஞாயிறுக்கு முந்திய இரவுப் பூசை) வானவர் கீதம் வரை மணி கிடையாது, மணிக்குப் பதில் மரக்கட்டை தட்டுவதுதான். மூவேளை மணி (காலை, மதியம், மாலை செபத்துக்கு அடிப்பது), துக்க மணி எதுவும் கூடாது. யாராவது வந்து கெஞ்சினால் பங்குத்தந்தையிடம் அனுப்பிவிடுங்கள்.

3. பாஸ்கா இரவு (ஏப்ரல் 4) ஜாடை காட்ட ஒருவர் கோவில் வாசலில் நிற்க வேண்டும். கூண்டில் இருப்பவர்களுக்குப் பாட்டு கேட்பதில்லை.

4. பெரிய மணியின் கயிறு கப்பி பக்கம் பிரிபிரியாக நைந்து கிடக்கிறது. புதுக் கயிற்றுக்கு ஆளுக்கு 100 ரூபாய், பொருளாளர் அண்ணனிடம் கொடுங்கள். அதுவரை யாரும் தொங்கி இழுக்க வேண்டாம். தம்பிமார்களுக்குத்தான் சொல்கிறேன்!

5. மூவேளை மணி மும்மூன்றாக மூன்று தடவை, நடுவில் செபம் சொல்ல நேரம் விட்டு, கடைசியில் ஒன்பது. சிலர் மொத்தமாக அடித்துவிட்டு ஓடிவிடுகிறீர்கள். பாட்டிமார் சண்டைக்கு வருகிறார்கள்.

மார்ச் 27 வெள்ளிக்குள் உங்கள் பெயரும் வசதிப்படும் நாளும் இங்கேயே போடுங்கள். வெறும் கட்டைவிரல் போட்டால் எந்த நாள் என்று எனக்கு எப்படித் தெரியும்?

- செயலாளர்