கேரள உயர் நீதிமன்றத்துக்கு: பங்காளி பார்ட்னர் ஆன கதை

மாண்புமிகு நீதியரசர்களுக்கு வணக்கம்.

நான் சித்தூரில் வக்கீல் குமாஸ்தா. ஆந்திராச் சித்தூர் இல்லை, பாலக்காட்டுச் சித்தூர். கொழிஞ்சாம்பாறைப் பக்கமெல்லாம் வீட்டில் தமிழ், கோர்ட்டில் மலையாளமும் இங்கிலீஷும். வயல் இங்கே இருக்கும், தோப்பு பொள்ளாச்சிப் பக்கம் இருக்கும். தமிழ் ஆதாரங்களை, அதாவது சொத்துப் பத்திரங்களை, கோர்ட் மொழிக்கு மொழிபெயர்ப்பதுதான் எங்கள் பிழைப்பில் பாதி.

2025 ஜூலையில் மாவட்ட நீதிமன்றங்களுக்கு ஏஐ கொள்கை கொண்டுவந்தீர்கள். தீர்ப்பு முடிவுசெய்ய ஏஐ கூடாது, எங்கே பயன்படுத்தினாலும் பதிவு வேண்டும், மொழிபெயர்ப்பைத் தகுதியுள்ளவர் சரிபார்க்க வேண்டும். நல்ல கொள்கை. ஆனால் அது நீதிபதிகளுக்கும் ஊழியர்களுக்கும்தான். வெளியிலிருந்து நாங்கள் ஃபைல் செய்யும் கேஸ் கட்டுக்கு அந்தக் கேள்வி இல்லை.

அந்தக் கட்டுக்குள் வந்த ஒன்றைச் சொல்கிறேன். வரப்புத் தகராறு. எழுபது வயதுப் பெரியவர் தமிழில் சொன்னார்: "எதிராளி எனக்குப் பங்காளிங்க." அப்பா வழிச் சொந்தம் என்று அர்த்தம். ஒரு வக்கீல் ஆபீஸில் அதைப் போனில் மொழிபெயர்ப்புக் கருவியில் போட்டு மாற்றினார்கள். மலையாளத்தில் பங்காளி என்றால் கூட்டாளி. இங்கிலீஷ் பிரமாணப் பத்திரத்தில் 'பிசினஸ் பார்ட்னர்' என்று வந்துவிட்டது. கீழே பெரியவரின் தமிழ்க் கையெழுத்து. எதிர்த்தரப்பு வக்கீல் விடுவாரா? கூட்டு வியாபார ஒப்பந்தம் எங்கே என்று பிடித்துக்கொண்டார். மூன்று வாய்தா போயிற்று.

2023-இல் நியூயார்க்கில் சாட்ஜிபிடி கட்டிவிட்ட தீர்ப்புகளைத் தாக்கல் செய்த வக்கீல்களுக்கு 5,000 டாலர் அபராதம் போட்டார்கள். எல்லோரும் அதையேதான் பேசுகிறார்கள். இல்லாத தீர்ப்பைத் தேடினால் கிடைக்காது, மாட்டிக்கொள்ளும். எங்கள் ஊர்ப் பிழை அப்படி மாட்டாது. ஆள் உண்மை, கையெழுத்து உண்மை, ஒரு சொல் மட்டும் தப்பு. மூலத்தைப் படிக்கத் தெரிந்தவர் பார்த்தால்தான் உண்டு.

கனடாவின் ஃபெடரல் நீதிமன்றம் 2023 டிசம்பரிலேயே, ஏஐ எழுதிய பகுதி இருந்தால் ஆவணத்தின் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள் என்று அறிவித்தது. எங்களுக்கு அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். மொழி தெரியாதவர் கையெழுத்துப் போடும்போது 'படித்துக் காட்டி விளக்கப்பட்டது' என்று ஏற்கெனவே ஒரு வரி எழுதுகிறோம். அதன் அடியில் இன்னொரு வரி போதும்: மாற்றியது ஆளா, கருவியா, கருவி என்றால் மூலத்தோடு ஒத்துப் பார்த்தவர் யார், அவர் கையெழுத்து.

சொன்னால் மதிப்புக் குறையும் என்று மறைப்பார்கள் என்கிறார்கள். மறைப்பவர்கள் இருப்பார்கள்தான். அதனால் ஏஐ பயன்படுத்தியதற்காகவே தண்டிக்க வேண்டாம். நானும் பயன்படுத்துகிறவன்தான், நாற்பது பக்க ஆதாரத்தை வேறு எப்படி ஒரே இரவில் முடிப்பது? சரிபார்க்காமல் சரிபார்த்தேன் என்று கையெழுத்துப் போடுபவரைப் பிடியுங்கள்.

பெரியவரின் திருத்த மனுவை இந்த முறை நானே கையால் எழுதினேன். 'பங்காளி' என்ற சொல்லையே விட்டுவிட்டு, 'அப்பாவின் பெரியப்பா பேரன்' என்று போட்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
சித்தூர் வக்கீல் குமாஸ்தா ஒருவன்