திமிங்கிலப் பயணம்: நெருங்கிச் செல்லும் உரிமை நமக்கில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆஸ்திரேலியாவின் வடகிழக்குக் கடலில் பல நாள்கள் படகிலேயே தங்கித் திமிங்கிலங்களோடு நீந்தும் பயணத்தைப் பற்றித் தங்கள் சுற்றுலாப் பக்கத்தில் வெளியான கட்டுரையைப் படித்தேன். இப்படியொரு பயணம் இருப்பதைத் தமிழ் வாசகர்களுக்கு எடுத்துச் சொன்னதற்கு முதலில் என் நன்றி. ஆனால், துணிச்சலாக நீந்திச் சென்றால் திமிங்கிலத்தைத் தொட்டுவிடும் தூரத்தில் பார்க்கலாம் என்று அதில் எழுதியிருந்தது என்னை வருத்தியது. அந்தக் கடலை ஒட்டிய குயின்ஸ்லாந்து மாநிலத்தில் வசிப்பவன், அந்தப் பயணத்தை மேற்கொண்டவன் என்ற முறையில் இதை மறுத்து எழுத வேண்டிய கடமை எனக்கு இருப்பதாக நினைக்கிறேன்.

கட்டுரை குறிப்பிடுவது குறு மிங்கித் திமிங்கிலங்களை. தென் அரைக்கோளத்தில் மட்டுமே வாழும் இவை, அதிகபட்சம் ஏறத்தாழ 8 மீட்டர் நீளம் வளர்பவை. நீலத் திமிங்கிலத்தின் பக்கத்தில் நிறுத்தினால் சிறியவைதான். ஆனால் தண்ணீருக்குள் எதிரே வரும்போது யாருக்கும் அந்த எண்ணம் தோன்றாது. இவற்றைத் தனி வடிவமாக அறிவியலாளர்கள் விவரித்ததே 1980-களில்தான். ஆண்டுதோறும் ஜூன், ஜூலை மாதங்களில் இவை கிரேட் பேரியர் ரீஃப் என்னும் பெரும் பவளத்திட்டுத் தொடரின் வடபகுதிக்கு வருகின்றன. கரையையொட்டிய ஆழம் குறைந்த கடற்பரப்பான கண்டத்திட்டின் விளிம்பை ஒட்டி நாடாவைப் போல நீண்டு கிடக்கும், எண்களால் அழைக்கப்படும் ரிப்பன் ரீஃப் பவளத்திட்டுகளின் அருகேதான், அதிலும் லிசர்ட் தீவுக்குத் தெற்கே உள்ள 9, 10 ஆம் திட்டுகளை ஒட்டித்தான், இவற்றை அதிகமாகக் காணலாம். கெய்ன்ஸ், போர்ட் டக்ளஸ் துறைமுகங்களிலிருந்து இவ்வளவு தொலைவுக்கு ஒரே நாளில் போய்த் திரும்புவது எளிதல்ல. படகில் தங்கிச் செல்லும் பயணம் தேவைப்படுவது இதனால்தான்.

இப்போது சட்டத்துக்கு வருகிறேன். பாதுகாக்கப்பட்ட கடற்பூங்காவான இந்தப் பவளத்திட்டுப் பகுதியில் குறு மிங்கிகளோடு நீந்த அழைத்துச் செல்ல வேண்டுமானால் படகு நிறுவனம் அதற்கென்றே தனி அனுமதி பெற்றிருக்க வேண்டும். 2003 முதல் இந்த ஏற்பாடு நடைமுறையில் உள்ளது. அனுமதி பெற்றவை விரல்விட்டு எண்ணக்கூடிய சில படகுகளே. நீரில் இருக்கும் மனிதர் திமிங்கிலத்தை 30 மீட்டருக்குள் நெருங்கிச் செல்லக் கூடாது, தொடக் கூடாது, பின்தொடரக் கூடாது. படகிலிருந்து நீண்ட மிதவைக் கயிறு ஒன்றை விடுவார்கள். முகக்கண்ணாடியும் மூச்சுக்குழாயும் அணிந்து அந்தக் கயிற்றைப் பிடித்தபடி மிதப்பது ஒன்றுதான் நம் வேலை. ஆக்சிஜன் சிலிண்டர் என்று கட்டுரை குறிப்பிடும் காற்று உருளை இந்தச் சந்திப்புக்குத் தேவையே இல்லை. அது பயணத்தின் மற்ற நேரங்களில், பவளத்திட்டுகளில் முக்குளிப்பதற்காக.

இந்த 30 மீட்டர் விதி மனிதரைக் கட்டுப்படுத்துகிறதே தவிரத் திமிங்கிலத்தைக் கட்டுப்படுத்துவதில்லை. அங்கேதான் இந்தப் பயணத்தின் உயிரே இருக்கிறது. குறு மிங்கிகள் தாமாகவே படகை நாடி வருகின்றன. முதலில் பார்வை எட்டும் எல்லையில், நீலத்துக்குள் இன்னும் சற்று அடர்ந்த நீலமாக ஒரு நிழல் கடந்து போகும். துடுப்பின் அடியிலும் தோளிலும் உள்ள வெண்பட்டை மட்டும் பளிச்சென்று தெரியும். சிறிது நேரத்தில் அதே நிழல் இன்னும் கொஞ்சம் அருகில் வரும். கயிற்றில் இருப்பவர்கள் கைகால் அடிக்காமல் அமைதியாக இருந்தால் அடுத்தடுத்த சுற்றுகளில் நெருக்கம் கூடிக்கொண்டே போகும். கடைசியில் ஒன்று கயிற்றுக்கு இணையாக மெல்ல நகர்ந்து, உடலைச் சற்றுச் சாய்த்து, ஒவ்வொருவரையும் கண்ணால் பார்த்துக்கொண்டே செல்லும். அந்தக் கண் அசைவதை நான் தெளிவாகப் பார்த்தேன். இமைக்கருகே இருந்த தோல் மடிப்புகூடத் தெரிந்தது. எங்கள் வரிசையில் இருந்த ஒருவர் உணர்ச்சி மிகுதியால் கயிற்றை விட்டுவிட்டு அதை நோக்கி நீந்த முயன்றார். வால் ஓரிரு முறை அசைந்தது, அவ்வளவுதான், திமிங்கிலம் மறைந்துவிட்டது. அது திரும்பி வருவதற்குள் எங்களில் பாதிப்பேர் குளிர் தாங்காமல் படகேறியிருந்தோம். கட்டுரை சொல்லும் துணிச்சல் அந்தக் கடலில் எதைச் சாதிக்கும் என்பதற்கு இதற்கு மேல் நான் விளக்கம் தர வேண்டியதில்லை.

அவற்றின் குரலையும் கேட்க முடிகிறது. அடுத்தடுத்து மூன்று குறுகிய துடிப்புகள், தொடர்ந்து நீண்டு இழுபடும் ஓர் உலோக அதிர்வு. காதால் கேட்பதைவிட நெஞ்சால் உணர்வது என்றே அதைச் சொல்வேன்.

பயணச் சிரமங்களைக் கட்டுரையாளர் தொடவே இல்லை. ஜூன், ஜூலை மாதங்கள் தென்கிழக்குக் காற்று ஓயாமல் வீசும் காலம். திட்டுகளின் மறைவை விட்டு வெளியே வந்ததும் படகு கடுமையாக ஆடும். வாந்தியும் தலைசுற்றலும் வருபவர்கள் மருத்துவரிடம் கேட்டு மாத்திரையோடு செல்ல வேண்டும். குளிர்காலமாதலால் நீரின் வெப்பம் 24 டிகிரி செல்சியஸை ஒட்டியே இருக்கும். நம் ஊர்க் கடலில் குளித்துப் பழகியவர்களுக்கு குளிரைத் தாங்க உதவும் நீச்சலுடையான வெட்சூட் இல்லாமல் நெடுநேரம் மிதப்பது கடினம். சிலிண்டரோடு பலமுறை முக்குளித்தவர்கள் கடைசி முக்குளிப்புக்குப் பின் குறைந்தது 18 மணி நேரம் விமானம் ஏறாமல் இருக்க வேண்டும் என்பதால், திரும்பும் பயணச்சீட்டை அதற்கேற்ப எடுப்பது நல்லது. இவற்றையெல்லாம் அச்சுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. பெருந்தொகை செலவழித்துப் போகிறவர்கள் தெரிந்துகொண்டு போக வேண்டும் என்பதற்காகவே சொல்கிறேன்.

இன்னொன்றும் விடுபட்டிருக்கிறது. ஒவ்வொரு குறு மிங்கியின் உடலிலும் உள்ள வண்ண அமைப்பு தனித்தன்மை கொண்டது. அதை வைத்து ஒன்றிலிருந்து மற்றொன்றைப் பிரித்தறிய முடியும். ஜேம்ஸ் குக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் பல ஆண்டுகளாக இந்தப் படகுகளிலேயே பயணித்து, பயணிகள் எடுக்கும் படங்களையும் பெற்றுத் தனித்தனித் திமிங்கிலங்களைப் பதிவுசெய்து வருகிறார்கள். செயற்கைக்கோள் குறி பொருத்திப் பின்தொடர்ந்ததில், இவை ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரையோரமாக, பெருநிலத்துக்கும் டாஸ்மேனியாவுக்கும் இடையிலுள்ள பாஸ் நீரிணை வரையும், அதையும் தாண்டித் தென்கடலை நோக்கியும் செல்வது தெரியவந்துள்ளது. நான் வாழும் பிரிஸ்பேனுக்கு எதிரே உள்ள மோர்ட்டன் தீவின் டாங்கலூமாவில் 1952 முதல் 1962 வரை திமிங்கில வேட்டை நிலையம் இயங்கியது. கூன்முதுகுத் திமிங்கிலங்கள் அற்றுப்போகும் நிலைக்கு வந்த பிறகுதான் அது மூடப்பட்டது. அதே கரையோரத்தில் இன்று மனிதர்கள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, திமிங்கிலம் வருமா என்று பொறுமையோடு காத்திருக்கிறார்கள். ஒரு தலைமுறைக்குள் நடந்த இந்த மாற்றத்தை நான் மிகப் பெரிதாக மதிக்கிறேன்.

தமிழ் வாசகர்களிடம் இதை அழுத்திச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. திருகோணமலைக் கடலுக்கும் இலங்கையின் தென்கரையில் உள்ள மிரிச கடலுக்கும் நீலத் திமிங்கிலங்களைப் பார்க்க நம்மவர்கள் இப்போது அதிகமாகச் செல்கிறார்கள். தென்கரைக்கு அப்பால் பெருங்கப்பல்கள் இடைவிடாமல் செல்லும் பாதை இருப்பதால், கப்பல் மோதி இறக்கும் ஆபத்து அவற்றுக்கு ஏற்கெனவே இருக்கிறது. அதற்கு மேல், மூச்சுவிட எழும் திமிங்கிலத்தை நாலாபுறமும் படகுகள் விரட்டிச் சூழ்வதும் நடக்கிறது. காசு கொடுத்துவிட்டோம், கிட்டே கொண்டுபோ என்று படகோட்டியை நெருக்குவது பயணிகளாகிய நாம்தான். நெருங்கிச் செல்வதே வீரம் என்று நாளிதழே எழுதினால் அந்த நெருக்குதல் இன்னும் கூடும்.

ஆகவே, தங்கள் பக்கத்தில் இத்தகைய பயணங்களை அறிமுகப்படுத்தும்போது, அந்தப் படகுக்குரிய அனுமதியைப் பற்றியும் நீரில் கடைப்பிடிக்க வேண்டிய விதிகளைப் பற்றியும் அவசியம் எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன். முன்பதிவு செய்ய நினைக்கும் வாசகர்கள் பணம் கட்டுவதற்கு முன், மிங்கிகளோடு நீந்த அழைத்துச் செல்லும் அனுமதி நடப்புப் பருவத்துக்கு இருக்கிறதா, கயிறு பயன்படுத்துகிறார்களா, திமிங்கிலம் வராவிட்டால் அந்த நாள்களில் என்ன செய்வார்கள் என்று நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டுப் பெற வேண்டும். கட்டாயம் காட்டுவோம், தொட வைப்போம் என்று பதில் வந்தால் அந்தப் படகைத் தவிர்த்துவிடலாம். பருவம் குறுகியது, இடங்களும் குறைவு என்பதால் அடுத்த ஜூன் மாதத்துக்குச் செல்ல விரும்புகிறவர்கள் இப்போதே விசாரிக்கத் தொடங்குவது நல்லது.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகன்,
பிரிஸ்பேன், ஆஸ்திரேலியா