கொடுத்ததற்குச் சிறை

அன்பு நண்பருக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. கண் அறுவை நல்லபடியாக முடிந்ததில் எனக்குப் பெரிய நிம்மதி. கனடாவின் மேற்குக் கரைக்குப் போய்வந்ததாக நான் எழுதியிருந்ததற்கு, "அங்கே பழங்குடியினர் இன்னும் எஞ்சியிருக்கிறார்களா?" என்று ஒற்றை வரியில் கேட்டிருந்தீர்கள். இருக்கிறார்கள், ஆனால் அவர்களுடைய வாழ்க்கை முறையே இருக்கக் கூடாதென்று சட்டம் போட்டவர்களின் கதையையும் சேர்த்துச் சொன்னால்தான் அந்த விடைக்குப் பொருள் உண்டு.

நான் போனது வான்கூவர் தீவின் வடகோடியை ஒட்டிய சிறு தீவில் இருக்கும் அலர்ட் பே என்னும் ஊருக்கு. அது குவாக்வாக்காவாக்கு மக்களின் ஊர். 1862இல் விக்டோரியாவிலிருந்து பரவிய பெரியம்மை அந்தக் கரையோர மக்களை வாரிக்கொண்டு போனது. மிஞ்சியவர்களைப் பிணைத்து வைத்திருந்தது 'பாட்லாட்ச்' என்னும் விழா. திருமணமோ, பெயர் சூட்டலோ, இறந்தவர் நினைவோ, எதுவானாலும் ஊர்களை அழைத்து, ஆடிப் பாடி, விழா எடுப்பவர் தம் செல்வத்தை வந்தவர்களுக்கு வாரி வழங்குவார். அதைப் பெற்றுக்கொள்பவர், அங்கே அறிவிக்கப்படும் பெயருக்கும் உரிமைக்கும் சாட்சியாகிறார். உரிமைகளை எழுதி வைக்காத சமூகத்துக்கு அந்தச் சாட்சியமே ஆவணம்.

கனடா அரசு 1884இல், பழங்குடியினரை 'இந்தியர்' என்று குறித்து அவர்களுக்கென்றே போட்டிருந்த இந்தியர் சட்டத்தைத் திருத்தி, மறு ஆண்டு முதல் இவ்விழாவைக் குற்றமாக்கியது. சேர்த்த சொத்தையெல்லாம் கொடுத்துத் தீர்ப்பவர்கள் ஒருநாளும் நாகரிகம் அடைய மாட்டார்கள் என்பது பாதிரிமார்களும் அதிகாரிகளும் சொன்ன நியாயம். முல்லைக்குத் தேர் ஈந்த பாரி அவர்கள் கையில் அகப்பட்டிருந்தால் ஆறு மாதம் உள்ளே இருந்திருப்பான்.

1921 டிசம்பரில் வில்லேஜ் தீவில் டான் கிரான்மர் என்பவர் ஆறு நாள் பாட்லாட்ச் நடத்தினார். எஞ்சின் படகுகள், பில்லியர்ட்ஸ் மேசைகள், தையல் இயந்திரங்கள், மாவு மூட்டைகள் என்று கொடுத்தார். செய்தி வெளியே கசிந்து 45 பேர் மீது வழக்குப் பாய்ந்தது. அவர்கள் செய்த குற்றங்கள் என்னவென்று பாருங்கள்: உரையாற்றியது, நடனமாடியது, பரிசுப் பொருள்களை எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தது. அதன் பிறகு வைக்கப்பட்ட பேரம்தான் என்னை மிகவும் உறுத்துகிறது. ஊரே சேர்ந்து முகமூடிகளையும் செப்புக் கேடயங்களையும் ஒப்படைத்தால் தண்டனை நிறுத்திவைக்கப்படும் என்றார்கள். தன் வீட்டுப் பெரியவர் சிறைக்குப் போவதா, பாட்டன் காலத்து முகமூடி போவதா என்று ஒரு குடும்பத்தைத் தேர்ந்தெடுக்க வைப்பதற்கு நீதி என்று பெயர். மறுத்தவர்கள் ஓக்கலா சிறைக்குப் போனார்கள். ஒப்படைக்கப்பட்டவை பெரும்பாலும் ஒட்டாவாவுக்கும் டொராண்டோவுக்கும் பயணப்பட்டன. ஹாலிடே என்ற அதிகாரி அதற்கு முன்பே ஒரு பகுதியை ஜார்ஜ் ஹே என்னும் நியூயார்க் சேகரிப்பாளருக்கு விற்றிருந்தார்.

இத்தனைக்குப் பிறகும் விழா நிற்கவில்லை. காவலரின் படகு கிளம்ப முடியாத புயல் நாள்களைப் பார்த்து ஒதுக்குப்புற ஊர்களில் கூடினார்கள். கிறிஸ்துமஸ் பரிசு என்ற பெயரில் வீடு வீடாகக் கொடுத்தார்கள். வானிலையையும் எதிரியின் பண்டிகையையுமே மறைவிடமாக்கிக்கொண்ட அந்தச் சாமர்த்தியத்தை எண்ணி நான் சிரித்தும் விட்டேன். 1951இல் திருத்தப்பட்ட சட்டத்தில் அந்தப் பிரிவு சத்தமில்லாமல் விடுபட்டது. மன்னிப்பாக ஒரு சொல்கூட அதில் இல்லை.

பறித்தவற்றைத் திருப்பித் தரவும் நிபந்தனை போட்டார்கள்: முதலில் அருங்காட்சியகம் கட்ட வேண்டும். கட்டினார்கள். அலர்ட் பேயில் 1980இல் உமிஸ்டா பண்பாட்டு மையம் திறந்தது. அங்கே முகமூடிகள் கண்ணாடிப் பெட்டிக்குள் இல்லை. போதுமான காலம் பூட்டப்பட்டிருந்தவை என்பதால், விழாவில் அவை வெளிவரும் வரிசையிலேயே திறந்தபடி நிற்கின்றன. பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து அடைத்து வைத்த உறைவிடப் பள்ளிக் கட்டடம் 2015 வரை அதன் பக்கத்திலேயே நின்றது. ஊர் மக்கள் கூடியிருக்க, அதை இடித்தார்கள்.

ஒன்று மட்டும் இன்னும் எனக்குச் செரிக்கவில்லை. அன்று பறிபோன முகமூடிகளில் ஒன்று எப்படியோ பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்குப் போயிருந்தது. அதை 2005இல் உரியவர்களிடம் அனுப்பினார்கள், நீண்ட காலக் கடனாக. நாற்பது ஆண்டுகள் நீதிமன்றத்தில் பழகிய நீங்கள், இந்தக் 'கடனை' எந்தச் சட்டத்தில் அடக்குவீர்கள் என்று எழுதுங்கள்.

என்றும் அன்புடன்,
உங்கள் பழைய நண்பன்