பினாங்கிலிருந்து வந்த ராலே: கைகொடுத்தவர்களுக்கு நன்றி

முதல் வணக்கம் மயிலாடுதுறை அம்மாவுக்கு.

உங்கள் அப்பா பினாங்கில் கணக்கெழுதிய காலத்தில் வாங்கி, நாகப்பட்டினத்தில் கப்பலிலிருந்து இறக்கிய ராலே சைக்கிளைப் பழைய இரும்புக்குப் போடாமல் காத்தீர்கள். நான் வந்தபோது விலை பேசவில்லை. "ஓட்டுவீர்களா, காட்சிக்கு வைப்பீர்களா?" என்று மட்டும் கேட்டீர்கள். ஓட்டுகிறேன் அம்மா. போன ஞாயிற்றுக்கிழமை கும்பகோணத்திலிருந்து கங்கைகொண்ட சோழபுரம் வரை போய்த் திரும்பினேன்.

பின்சக்கரத்தின் நடுக்குடமான ஹப்பைத் துடைத்தபோது 56 8 என்ற முத்திரை தெரிந்தது. 1956 ஆகஸ்ட், ஸ்டர்மி ஆர்ச்சர் நிறுவனம் செய்த, கியர்கள் உள்ளேயே இருக்கும் மூன்று கியர் ஹப். அதைக் கழற்றி எறிந்துவிட்டுச் கியர் இல்லாத சாதாரண ஃப்ரீவீல் போடச் சொன்னது நான் முதலில் போன பட்டறை. அதோடு நிற்காமல், ஃபிரேமில் பெடல்களின் நடு அச்சைத் தாங்கும் கப்பைக் கழற்றி, புதுக் கப் ஒன்றையும் முறுக்கி ஏற்றினார்கள். அந்நாளைய ராலேயில் அந்த இடத்தில் அங்குலத்துக்கு 26 மரை. கடையில் வாங்கிய கப்பில் 24. ஃபிரேமின் மரை இரண்டு சுற்று நசுங்கிவிட்டது. அன்றிரவு எனக்குத் தூக்கமில்லை.

மேலக்காவேரி சைக்கிள் கடைப் பெரியவரே, அந்த மரையை மீட்டவர் நீங்கள். கழற்றிப்போட்ட பழைய கப்பையே எடுத்து, அதன் மரையின் குறுக்கே அரத்தால் நான்கு பள்ளம் ராவி, எண்ணெய் விட்டு, கால் சுற்று உள்ளே, அரைக்கால் சுற்று வெளியே என்று ஒரு பிற்பகல் முழுவதும் திருப்பினீர்கள். பெடல் தண்டை அச்சோடு இறுக்கும் காட்டர் பின்னை மூன்று முறை ராவிப் பொருத்தினீர்கள். ஹப்பில் எதுவும் உடையவில்லை, எண்ணெய்தான் பசையாக இறுகியிருக்கிறது என்று மண்ணெண்ணெயில் ஊறவைத்துக் காட்டினீர்கள். நீங்கள் சொன்னபடியே கிரீஸ் பக்கம் போகாமல், மாதம் ஒரு முறை மெல்லிய எண்ணெய் சில சொட்டு விடுகிறேன்.

சீட்டின் கிழிந்த தோலைத் தைத்துத் தந்த தாராசுரத்து அண்ணனுக்கும் நன்றி.

கோயம்புத்தூர்த் தம்பி, பின்னால் இருந்த 18 பல் சக்கரத்துக்குப் பதிலாக நீ அனுப்பிய 22 பல் சக்கரம்தான் இந்த வண்டியில் நான் செய்த பெரிய மாற்றம். ஆடிக் காற்றை எதிர்த்து வீடு திரும்பும்போது முதல் கியரில் முழங்கால் நோகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நண்பர்களே, நீங்கள் ஓட்டுவது கார்பன் இழையில் செய்த சைக்கிள்கள். உங்கள் வண்டிகள் என்னுடையதில் பாதி எடைகூட இருக்காது. ஆனாலும் திருப்பனந்தாளில் எனக்காகக் காத்திருந்தீர்கள். அணைக்கரைப் பாலத்தருகே இரண்டாம் கியருக்கும் மூன்றாம் கியருக்கும் நடுவில் பெடல் வெறுமனே சுழன்றபோது உங்களில் ஒருவர் குனிந்து, பின்சக்கர நட்டின் துளை வழியே பார்த்து, கியர்ச் சங்கிலியின் தண்டு அச்சின் முனையோடு சமமாக வரும்வரை விரலால் திருகிச் சரிசெய்தார். ஐந்து நிமிடத்தில் புறப்பட்டோம்.

அம்மா, வண்டிக்குப் புது வர்ணம் அடிக்கவில்லை. செயின் கார்டில் வெள்ளை எழுத்தில் இருக்கும் உங்கள் அப்பா பெயர் அப்படியே இருக்கிறது. ஆவணியில் காற்று தணிந்ததும் மயிலாடுதுறைக்கு அதிலேயே வருகிறேன்.