ஸ்பார்க் வரவில்லை என்றால் முதலில் காயிலை மாற்றாதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

அப்பா ஓட்டிய 1978 அம்பாசடரை இன்னும் வைத்திருக்கிறேன், போன மாதம் ஒரு நாள் காலையில் ஸ்டார்ட்டர் நன்றாகச் சுற்றியும் எஞ்சின் பிடிக்கவே இல்லை. ஒவ்வொரு ஸ்பார்க் பிளக்குக்கும் மின்சாரத்தைப் பங்கிட்டு அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியிலிருந்து நடு ஒயரை உருவி, காப்புப் பிடி போட்ட குறடால் எஞ்சின் பிளாக்குக்கு ஐந்து மில்லிமீட்டர் தள்ளிப் பிடித்துப் பார்த்தேன், பொறி இல்லை.

மெக்கானிக் வந்தார், பேட்டரியின் 12 வோல்ட்டைப் பொறிக்குத் தேவையான உயர் மின்னழுத்தமாக மாற்றும் காயில் போய்விட்டது என்றார். புதுக் காயில் போட்டோம், அப்புறம் கன்டென்சரும் (மின்தேக்கி) மாற்றினோம், பணம்தான் போனது.

கடைசியில் நானே 12 வோல்ட் பல்பு ஒன்றை எடுத்து, காயிலிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் முனைக்கும் பாடிக்கும் நடுவே இணைத்து எஞ்சினைச் சுற்ற விட்டேன். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் சுவிட்ச் மாதிரி வேலை செய்யும் பாயிண்ட் திறந்து மூடும்போது பல்பு விட்டுவிட்டு எரிய வேண்டும். அணையாமல் எரிந்துகொண்டே இருந்தது. அப்படியென்றால் காயில் வரை கரன்ட் வருகிறது, பாயிண்ட் வழியாக எர்த்துக்கு, அதாவது பாடிக்குத்தான் போகவில்லை. பாயிண்ட் சுத்தமாக இருந்தது, இடைவெளியும் சரியாக 0.4 மில்லிமீட்டர். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் பாயிண்டுக்குப் போகும் சின்ன ஒயரை லேசாக இழுத்தேன், ரப்பர் மாதிரி நீண்டது! எஞ்சினின் உறிஞ்சுதலுக்கு ஏற்பப் பொறி வரும் நேரத்தை மாற்றும் வேக்குவம் அட்வான்ஸ், பாயிண்ட் இருக்கும் தட்டை அசைக்கும்போதெல்லாம் அந்த ஒயரும் மடங்கி மடங்கி, மேல் உறை அப்படியே இருக்க உள்ளே செம்பு மட்டும் அறுந்திருந்தது.

பழைய வண்டி வைத்திருப்பவர்களே, தயவுசெய்து பாகம் வாங்கும் முன் பல்பு வைத்துப் பாருங்கள். கழற்றிய என் பழைய காயில் நன்றாகவே இருக்கிறது, அதையே திரும்பவும் மாட்டிவிட்டேன்.

ஒரு வாசகர்,
மதுரை