போராட்டத்துக்கு வராதவர்களும் கணக்கில் உண்டு

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். அரசின் சிக்கன நடவடிக்கைகளை எதிர்த்து நடக்கும் போராட்டங்களில் எப்போதும் பார்த்த முகங்களே தென்படுவதால் அவற்றைப் பொருட்படுத்த வேண்டியதில்லை என்று இப்பகுதியில் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். அவர் கண்டது உண்மைதான். அதைக் கொண்டு அவர் செய்த முடிவை என்னால் ஏற்க இயலவில்லை.

கிரேக்கத்தில் 2010-ஆம் ஆண்டு கடன் நிபந்தனைகளுக்காகச் சம்பளமும் ஓய்வூதியமும் வெட்டப்பட்டபோது மக்களிடம் கேட்டு ஆராய்ந்தவர்கள், போராடத் தயார் என்று சொன்னவர்கள் எல்லோரும் தெருவுக்கு வந்துவிடவில்லை என்பதையும், முன்பே போராடிப் பழகியவர்களே மறுபடியும் வந்தார்கள் என்பதையும் கண்டார்கள். இலங்கையில் 2023 மார்ச்சில் வரி உயர்வை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்த மருத்துவர்களும் வங்கி ஊழியர்களும் சங்கம் உடையவர்கள். அதற்கு ஓராண்டு முன்பு, விலைவாசி தாங்காமல் கைக்குழந்தைகளோடு படகேறி, தனுஷ்கோடியின் கடைக்கோடியான அரிச்சல்முனைக்கு அப்பால் மணல்திட்டில் இறக்கிவிடப்பட்டவர்களை இக்கரையில் இருக்கும் நாங்கள் அறிவோம். எந்தப் பேரணியிலும் அவர்களை யாரும் எண்ணியிருக்க மாட்டார்கள்.

எங்கள் ஊர் நிலையும் இதுவே. நாட்டுப்படகுகளுக்கான மானிய மண்ணெண்ணெய் குறைந்தபோது ராமநாதபுரத்துக்கு ஆர்ப்பாட்டத்துக்குப் புறப்பட்டவர்களில் பெரும்பாலோர் மீனவர் சங்கத்தில் பல ஆண்டுகளாக இருப்பவர்கள். கடற்பாசி எடுக்கும் பெண் ஒருவரை நான் அழைத்தேன். விரல்களில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்துக்கொண்டே, "பாசிக்குப் போறதே மாசத்துல பன்னெண்டு நாளு. அதுல ஒண்ண எப்படிண்ணே விடுறது?" என்றார். பாறையில் உரசி வெளுத்துப் புண்ணாகியிருந்த அந்த விரல்களைப் பார்த்த பிறகு அவருக்கு அக்கறை இல்லை என்று எவராலும் சொல்ல முடியாது. கூலியை இழக்கத் துணிய முடிந்தவர், உடன் வர ஆள் உள்ளவர், காவல்துறை வேனில் ஏற்கெனவே ஒருமுறை ஏறி அச்சம் நீங்கியவர் ஆகியோர்தாம் முதலில் வருகிறார்கள். பின்னால் நிற்பவர்களின் பாரத்தையும் சேர்த்தே அவர்கள் சுமந்து வருகிறார்கள்.

ஆகவே, ஆட்சியர் அலுவலக வாசலில் தலைகளை எண்ணுவதோடு நின்றுவிடாமல், அன்றைய தினம் கடற்கரைக்கும் சென்று விசாரித்து எழுதுமாறு தங்கள் செய்தியாளர்களைக் கேட்டுக்கொள்கிறேன். அந்தப் பெண் வேன் வாடகைக்கென்று முந்தானை முடிச்சை அவிழ்த்து இருபது ரூபாய் கொடுத்தனுப்பினார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர்,
தங்கச்சிமடம்.