கும்பக்கரைக்குப் பிள்ளைகளை அழைத்துவரும் என் மகளுக்கு

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. நானும் அம்மாவும் இங்கு நலம். உன் நலமறிய ஆவல். காலாண்டு விடுமுறை முடிந்ததும் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை மதுரையிலிருந்து கும்பக்கரை அருவிக்கு அழைத்துவரும் பொறுப்பைத் தலைமையாசிரியர் உன்னிடம் ஒப்படைத்திருப்பதாக நீ சொன்னது முதல் எனக்கு அதே நினைவுதான். உடற்கல்வி ஆசிரியராகவும் சாரணர் படைப் பொறுப்பாளராகவும் பிள்ளைகளை வெளியிடங்களுக்கு அழைத்துச் சென்று பழகியவன் என்ற முறையில் உனக்குச் சொல்ல வேண்டியவை நிறைய இருக்கின்றன. தொலைபேசியில் பாதி விட்டுப்போகும் என்பதால் எழுதுகிறேன்.

திரும்பிவிடுவது என்ற முடிவை அருவிக்கரையில் நின்றுகொண்டு எடுக்க முடியாது. அதைப் பள்ளியிலேயே எடுத்துவிட்டுத்தான் பேருந்தில் ஏற வேண்டும். அங்கே போன பிறகு பேருந்து வாடகை கொடுத்தாயிற்று என்ற எண்ணமும், மாற்றுடையோடு காத்து நிற்கும் பிள்ளைகளின் முகமும், பத்து நிமிடம் குளித்துவிட்டுப் போகலாமே என்று சொல்லும் சக ஆசிரியரும் சேர்ந்துகொண்டால், எவ்வளவு உறுதியானவரும் இளகிவிடுவார். எந்தெந்த நிலையில் நீரில் இறங்கக் கூடாது, எத்தனை மணிக்குள் அனைவரும் கரையேறியிருக்க வேண்டும் என்பதை முன்கூட்டியே எழுதி, தலைமையாசிரியரின் கையொப்பத்தையும் பெற்றுக்கொள். அருவிக்குப் போக முடியாமற்போனால் வைகை அணைப் பூங்காவைப் பார்த்துவிட்டு ஆண்டிபட்டி வழியாக ஊர் திரும்புவது என்ற மாற்றுத் திட்டமும் அதே தாளில் இருக்கட்டும். போக வேறோர் இடம் இருந்தால் முடியாது என்று சொல்வது எளிதாகிவிடும்.

கும்பக்கரையைப் பற்றி நீ அறிய வேண்டியது, அந்தத் தண்ணீர் அங்கே பெய்யும் மழையால் மட்டும் வருவதில்லை என்பதுதான். கொடைக்கானல் மலையிலும் வட்டக்கானல் பகுதியிலும் பெய்யும் மழைதான் அங்கே வந்து விழுகிறது. நம் தலைக்கு மேல் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே மேலிருந்து வெள்ளம் இறங்கிவிடும். நீ வரப்போகும் ஐப்பசியோ வடகிழக்குப் பருவமழைக் காலம். தெளிந்து ஓடும் நீர் திடீரெனச் செம்மண் நிறமாகக் கலங்குவதும், சருகும் சுள்ளியும் மிதந்து வருவதும், அருவியின் இரைச்சல் தடித்துக் கேட்பதும் கண்ணிலோ காதிலோ பட்டால், உடனே விசில் ஊதி அனைவரையும் மேட்டுக்கு ஏற்றிவிட வேண்டும். பையையும் செருப்பையும் தேடிக்கொண்டு நிற்கக் கூடாது. பழைய குற்றாலத்தில் 2024 மே 17 அன்று வந்த வெள்ளத்தில் பதினேழு வயதுப் பையன் ஒருவன் அடித்துச் செல்லப்பட்டு இறந்தான். வனத்துறையினர் குளிக்கத் தடை விதித்திருந்தால் அவர்களிடம் கெஞ்சிக்கொண்டு நிற்காதே. தடை இல்லாத நாளிலும், யானை கெஜம், பாம்பு கெஜம் என்று பெயர் சொல்லி அழைக்கப்படும் அந்தப் பாறைக் கிடங்குகளின் பக்கம் ஒரு பிள்ளையும் போகக் கூடாது. அங்கே பாறை வழுக்கும். உள்ளே விழுந்தவரை வெளியே எடுப்பது மிகக் கடினம்.

நிகழ்ச்சி நிரலில் இல்லாத நீர்நிலை இதைவிடவும் ஆபத்தானது. புதுக்கோட்டை மாவட்டத்திலிருந்து கால்பந்துப் போட்டிக்காகச் சென்ற அரசுப் பள்ளி மாணவிகள் நால்வர், 2023 பிப்ரவரி 15 அன்று கரூர் மாவட்டம் மாயனூரில் காவிரியில் குளிக்க இறங்கி மூழ்கி இறந்தார்கள். விளையாடப் போன குழந்தைகள் அம்மா அவர்கள். வழியில் ஆற்றையோ கண்மாயையோ கண்டு வண்டியை நிறுத்தச் சொல்லி யார் கேட்டாலும் நிறுத்தாதே. முதல் நாளே ஓட்டுநரிடமும் இதைச் சொல்லிவை.

படகோட்டியும் வழிகாட்டியும் இருக்கிறார்கள் என்பதால் ஆசிரியரின் பொறுப்பு குறைந்துவிடாது. குஜராத் மாநிலம் வடோதராவின் ஹர்ணி ஏரியில் 2024 ஜனவரி 18 அன்று, அளவுக்கு மீறி ஆளேற்றிய படகு கவிழ்ந்து மாணவர்கள் பன்னிரண்டு பேரும் ஆசிரியைகள் இருவரும் இறந்தார்கள். பலருக்கு உயிர்காப்பு அங்கி கூட இல்லை. அங்கி இல்லையென்றால் ஏற மாட்டோம் என்று கரையில் நின்று சொல்ல ஒருவர் வேண்டும். உன் பிள்ளைகளுக்கு அந்த ஒருவர் நீதான். பெற்றோரிடம் வாங்கும் ஒப்புதல் கடிதம் அவர்களுக்கு விவரம் தெரிவித்ததற்கான சான்றே தவிர, உன்னைக் காக்கும் கவசமன்று. அந்தக் கடிதத்தோடு வலிப்பு, ஆஸ்துமா, ஒவ்வாமை, அன்றாடம் உட்கொள்ளும் மருந்து ஆகியவற்றையும் எழுதித் தரச் சொல். வலிப்பு உள்ள பிள்ளையைத் தண்ணீரில் இறக்கவே கூடாது. அதற்காக மற்றவர் முன்னால் காரணம் சொல்லி அந்தப் பிள்ளையை ஒதுக்கி உட்கார வைக்கவும் கூடாது. விசிலும் பெயர்ப்பட்டியலும் கொடுத்து உன் அருகிலேயே வைத்துக்கொள்.

பிள்ளைகளுக்குச் சட்டதிட்டங்களை வாசித்துக் காட்டினால் ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டுவிடுவார்கள். அவர்களையே உட்கார வைத்து எழுதச் சொல். தாங்கள் எழுதியதை மீற அவர்களே கூச்சப்படுவார்கள். இருவர் இருவராகச் சோடி சேர்த்து, தன் சோடி எங்கே என்று ஒவ்வொருவருக்கும் எந்நேரமும் தெரிந்திருக்கும்படி செய். பேருந்தில் ஏறும்போதும் இறங்கும்போதும் நீரிலிருந்து கரையேறியதும் எண்ணிப் பார். எண்ணிக்கை சரியாக வரும்வரை யாரும் நகரக் கூடாது. வரிசையின் கடைசியில் எப்போதும் ஓர் ஆசிரியர் வரட்டும். யாராவது தத்தளித்தால் காப்பாற்றக் குதிக்கக் கூடாது என்பதைச் சொன்னால் மட்டும் போதாது, பள்ளி மைதானத்திலேயே பழக்கிவிடு. மூடியை இறுக்கிய காலிப் பிளாஸ்டிக் கேனில் கயிற்றைக் கட்டி வீசச் சொல்லி, ஒவ்வொருவருக்கும் வாய்ப்புக் கொடு. நீந்தத் தெரிந்த பையன்கள்தான் முதலில் குதிப்பார்கள் என்பதால் அவர்களிடம் தனியாகப் பேசு.

இதையெல்லாம் படித்துவிட்டுப் பிள்ளைகளை அடைகாக்கத் தொடங்கிவிடாதே. முழங்கால் சிராய்க்கட்டும், கல் தடுக்கி விழட்டும், தன் பையைத் தானே சுமந்து களைக்கட்டும். ஆறிவிடும் காயங்களைத் தடுப்பதில் நம் கவனம் முழுவதும் செலவானால், உயிருக்கு உலை வைப்பவற்றைக் கவனிக்க ஆளிருக்காது. வெளியே அழைத்துப் போகாமலே இருந்துவிடலாம் என்று சொல்லும் ஆசிரியர்களை நான் ஒருபோதும் ஒப்புக்கொண்டதில்லை.

இடி மின்னல் வந்தால் மரத்தடியில் ஒதுங்க விடாதே. மின்னலுக்கும் இடிக்கும் இடையே 30 வினாடிகூட இல்லையென்றால் அனைவரையும் பேருந்துக்குள் ஏற்றிவிடு. கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆகும்வரை இறங்க வேண்டாம். பாம்பு கடித்தால் கீறவோ இறுக்கிக் கட்டவோ கூடாது; கடிபட்ட பிள்ளையை அசையாமல் படுக்கவைத்து, 108-ஐ அழைத்து, சுமார் 9 கிலோமீட்டர் தொலைவில் பெரியகுளத்தில் இருக்கும் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

வருகிற சனிக்கிழமை, உன்னோடு வரவிருக்கும் ஆசிரியர்களையும் அழைத்துக்கொண்டு ஊருக்கு வா. பிள்ளைகளை எங்கே உட்கார வைப்பது, பேருந்தை எங்கே நிறுத்துவது, கைபேசிக்கு எந்த இடம்வரை சிக்னல் கிடைக்கிறது என்பதையெல்லாம் நேரில் நடந்து பார்த்துவிடலாம். நானும் உடன் வருகிறேன். வரும்போது பெயர்ப்பட்டியலின் ஒரு படியைக் கொண்டுவந்து அம்மாவிடம் கொடுத்துவை. அவசரத்திற்கு உள்ளூரில் ஒருவரிடம் அது இருப்பது நல்லது.

இப்படிக்கு,
அன்புடன்,
அப்பா